எப்போது என்று கேட்டான், யார் என்று சொன்னேன்

"அண்ணா, இந்த நெட்வொர்க் டயக்ராம் எப்ப போட்டது?"

"நான்தான் போட்டேன்."

எங்களுக்குள் நடந்த பேச்சு மொத்தமே இவ்வளவுதான். எப்போது என்று கேட்டவனுக்கு யார் என்று பதில் சொல்லியிருக்கிறேன் என்பது மாதக்கணக்கில் கழித்துத்தான் உறைத்தது. அவனும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஸ்விட்சுகளுக்கு நடுவே ஒரு லிங்க் போனால் 50 நொடி எல்லாம் நின்றுவிடுகிறது என்று புகார். தரவு வட்டமடிக்காமல் இருக்க ஒன்றுக்கு மேற்பட்ட பாதைகளில் உபரியை அடைத்து வைப்பது ஸ்பானிங் ட்ரீ; ஒரு பாதை போனால் அடைத்ததைத் திறக்கும் முன் அது காத்திருக்கும் நேரம்தான் இது. மேக்ஸ் ஏஜ் (கடைசியாக வந்த தகவலை நம்பியிருக்கும் நேரம்) 20, அப்புறம் ஃபார்வர்ட் டிலே (போர்ட்டைத் திறக்கும் முன் ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருப்பது) 15 இரண்டு முறை, புத்தகத்தில் இருக்கும் அதே 50. பழைய ஸ்விட்சுகள் சிலவற்றில் இதன் வேகமான வகையான ரேபிட் ஸ்பானிங் ட்ரீ கிடையாது, அதனால் டைமரில்தான் கைவைத்தாக வேண்டும். டயக்ராமில் ரூட்டில் (தலைமை ஸ்விட்ச், டைமர் மதிப்புகளை மற்றவற்றுக்குச் சொல்வதும் அதுதான்) தொடங்கி வரிசையாக 4 ஸ்விட்ச். டீஃபால்ட் மதிப்புகள் 7 ஸ்விட்ச் வரைக்குமானவை. 4-க்குக் கணக்குப் போட்டால் மேக்ஸ் ஏஜ் 14, ஃபார்வர்ட் டிலே 10, ஹலோ (ரூட் தகவல் அனுப்பும் இடைவெளி) 2 அப்படியே. டைமர்களுக்குள் இருக்க வேண்டிய விகிதத்தையும் சரிபார்த்தேன். ரூட் போனால் அதன் இடத்துக்கு வரும், எல்லோரும் மறக்கும் பேக்கப் ரூட்டிலும் அதே மதிப்புகளைப் போட்டேன். (இதைச் சொல்லும்போது இன்னமும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது.) 50 நொடி 34 ஆனது, எல்லோருக்கும் சந்தோஷம்.

வரிசையில் உண்மையில் இருந்தது 6 ஸ்விட்ச். டயக்ராம் போட்ட பிறகு யாரோ இரண்டைச் சேர்த்திருக்கிறார்கள், ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் பாதுகாப்புக்கு என்று இரண்டு கேபிள் வேறு. ஒருநாள் ஐந்தாவதின் சிபியு திணறிப்போய் பிபிடியு (ரூட்டிலிருந்து ஸ்விட்ச் ஸ்விட்சாகக் கைமாறி வரும் அந்தத் தகவல்) அனுப்புவதை நிறுத்தியது, ஆனால் ஹார்டுவேர் தன் பாட்டுக்கு ஃபிரேம்களைக் கடத்திக்கொண்டே இருந்தது. ஆறாவது தன்னையே ரூட் என்று நினைத்து, இரண்டாவது கேபிளில் அடைத்து வைத்திருந்த போர்ட்டைத் திறந்துவிட்டது. ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் கணக்கு கிடையாது, சுற்ற ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். இப்படி லூப் விழுந்தால் நெட்வொர்க்கே மூச்சுமுட்டி நிற்கும், மீதியைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் திரும்பத் திரும்பப் போடும் கணக்கு இதுதான். ரூட்டில் 0-இல் தொடங்கி, வழியில் தாண்டும் ஒவ்வொரு ஸ்விட்சுக்கும் ஒன்று கூடி, ஆறாவதுக்கு வந்து சேரும்போது பிபிடியுவின் வயது ஏற்கெனவே 4. 14-இல் 4 போனால் 10. அது தன்னை ரூட் என்று நினைத்துவிட்டால் அதன் சொந்த ஃபார்வர்ட் டிலேதான் செல்லும், அதில் நான் கைவைக்கவே இல்லை, ஆக இன்னும் 15 இரண்டு முறை, 30. மொத்தம் 40 நொடி. நான் எதையும் தொடாமல் இருந்திருந்தால் 46. என் பங்கு வெறும் 6 நொடி! ஐந்தாவது 46 நொடிக்கு மேல் வாய்மூடி இருந்திருந்தால் டீஃபால்ட்டிலும் லூப் வந்திருக்கும், நான் நிரபராதி. 40-க்கும் 46-க்கும் நடுவில் மீண்டிருக்கும் என்றால், எல்லாம் என் வேலை. எது என்று லாக் சொல்லியிருக்கும். ஆனால் அந்தப் பதற்றத்தில் "பவரைப் பிடுங்கு" என்று கத்தியதும் நான்தான், லாக் மெமரியோடு போய்விட்டது.

ரேபிட் ஸ்பானிங் ட்ரீயே மூன்று ஹலோ தவறினால், அதாவது 6 நொடியில், பக்கத்து ஸ்விட்ச் போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறது. அப்படியிருக்க 14 என்ன பெரிய அவசரமா? 6 ஸ்விட்ச் என்று தெரிந்தே கணக்குப் போட்டிருந்தாலும் மேக்ஸ் ஏஜ் 18தான் வந்திருக்கும், 44 நொடி. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், பாதி நாட்களில் நம்பவும் செய்கிறேன்.

மீதி நாட்களில், அவன் கேட்டதே டைமரைப் பற்றி இல்லையே என்று தோன்றும். "எப்ப போட்டது" என்பதற்குத் தேதி சொல்ல முயன்றிருந்தால் எனக்கு ஞாபகம் வந்திருக்காது, எழுந்து போய்ப் பார்த்திருப்போம், அந்த இரண்டு கேபிளும் கண்ணில் பட்டிருக்கும். பட்டாலும் பிடுங்கியிருப்பேனா என்பது வேறு விஷயம். பாதுகாப்புக்குத்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட விட்டிருப்பேன்.

ரிப்போர்ட்டில் காரணம் என்ற இடத்தில் "ஐந்தாவது ஸ்விட்சின் சிபியு" என்று எழுதினேன். பொய் இல்லை. சரிபார்க்க அவனிடம்தான் கொடுத்தேன், படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தித் தந்தான். தான் கேட்ட கேள்வி அவனுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று நான் இன்னும் கேட்கவில்லை.