தபால்பெட்டி வைத்த டவுசர்

32 ஆண்டுகள் மதுரையில் ஒரு துணி ஆலையில் வேலை பார்த்தேன். தறியிலிருந்து இறங்கிய துணியை, அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேஜையின் மேல் ஓடவிட்டு, எங்கே ஓட்டை, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போடுவதுதான் என் வேலை. ஓட்டையைப் பார்த்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தவன் என்று சொன்னால் மிகையில்லை. அப்படிப் படித்து, சென்னையில் வேலைக்குப் போன என் மகள், போன பொங்கலுக்கு இரண்டு முழங்காலும் வெளியே தெரியும் ஒரு ஜீன்ஸோடு வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

என் கை அனிச்சையாகச் சட்டைப் பையில் சாக்பீஸைத் தேடியது.

எங்கள் தொழிலில் நாலு புள்ளிக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஓட்டை ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் 2 புள்ளி, அதற்கு மேல் போனால் 4 புள்ளி. 100 சதுர கெஜத்துக்கு 40 புள்ளியைத் தாண்டினால் பெரும்பாலும் அந்தத் துணியை இரண்டாம் தரம் என்று ஒதுக்கிவிடுவோம். மகள் பையை இறக்கிவைத்துவிட்டுக் காபி குடிக்கும் நேரத்தில் நான் மனதுக்குள் எண்ணி முடித்துவிட்டேன். பெரிய ஓட்டை ஐந்து, சிறியது நான்கு. ஆக 28 புள்ளி. ஒரு கெஜத்தில் எத்தனை பழுது இருந்தாலும் 4 புள்ளிக்கு மேல் போடக்கூடாது என்று அந்தக் கணக்கிலேயே ஒரு விதி இருக்கிறது. விதியை எழுதியவர் என் மகளின் ஜீன்ஸைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இந்த இடத்தில், என் அம்மா அன்றிரவே ஊசி நூலை எடுத்து எல்லா ஓட்டைகளையும் தைத்துவிட்டார் என்று நான் எழுதுவேன் என நீங்கள் எதிர்பார்க்கலாம். அந்தச் சம்பவம் தமிழ்நாட்டில் எல்லார் வீட்டிலும் நடந்து முடிந்துவிட்டது. என் அம்மா தைக்கவில்லை. விலை கேட்டார்.

"2,800 ரூபாய், அப்பத்தா."

"கிழிக்காமல் வாங்கினால்?"

"அது 2,200."

அம்மாவுக்கு வயது 84. காது மந்தம், கணக்கு மந்தமில்லை. "கிழிக்க 600 ரூபாய் கூலியா? வெற்று ஜீன்ஸாக வாங்கிக்கொண்டு வந்திருந்தால் நான் 100 ரூபாய்க்குக் கிழித்துக் கொடுத்திருப்பேனே" என்றார். குரலில் கிண்டல் இல்லை. கைக்கு வரவேண்டிய வேலை வெளியே போய்விட்டதே என்ற வருத்தம்தான் இருந்தது.

மறுநாள் அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோது கிட்டே போய்ப் பார்த்தேன். ஜீன்ஸ் துணியில் நெடுக்கே ஓடும் பாவு நூலுக்கு மட்டும்தான் நீலச் சாயம். குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளையாகவே இருக்கும். உள்பக்கம் வெளுத்துத் தெரிவது அதனால்தான். கிழித்தவர், யாரோ தெரியவில்லை, நீலப் பாவை மட்டும் பார்த்துப் பார்த்து நீக்கிவிட்டு, வெள்ளை ஊடையை வீணைத் தந்தி மாதிரி குறுக்கே நிறுத்தியிருந்தார். ஓர் இழைகூடத் தப்பி அறுபடவில்லை. என் பிரிவில் இப்படி ஓர் ஆள் இருந்திருந்தால் நான் நிம்மதியாக மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பேன். அதைக் கிழிசல் என்று சொல்ல மனம் வரவில்லை. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாகவேகூட இருந்தது. பக்கத்தில் போனால்தான் சாக்பீஸ் நினைவு வந்துவிடுகிறது.

ஆனால் இந்த ஜீன்ஸைப் புதிதாகவே பழசாக்கும் வித்தையில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. துணியை வெளுக்க அதன்மேல் அழுத்தத்தில் மணலைப் பீய்ச்சி அடிப்பார்கள். அந்தத் தூசியை மூச்சில் இழுத்த தொழிலாளர்களின் நுரையீரல் கெட்டுப்போய், துருக்கியில் 2009இல் அந்த முறையையே தடை செய்தார்கள். இதை மகளிடம் சொன்னேன். "இது லேசரில் செய்தது அப்பா" என்றாள். எனக்குத் தெரியாத இயந்திரத்தைச் சொல்லிவிட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

உண்மையில் எனக்கு இருப்பது கோபம் இல்லை, பொறாமை. இன்றைக்குக் கடையில் தனித்தனிப் பெயர் வைத்து விற்கும் அத்தனை மோஸ்தரையும் நான் 1972இலேயே போட்டுவிட்டேன். அதுவும் ஒரே டவுசரில்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அப்பா காக்கித் துணி எடுத்து டெய்லரிடம் கொடுத்து, "வளருகிற பிள்ளை, தாராளமாகத் தையுங்கள்" என்றார். தமிழ்நாட்டு அப்பாக்கள் டெய்லரிடம் பேசியது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான். டெய்லரும் தாராளமாகத் தைத்தார். முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை தொங்கியது. இடுப்பில் இன்னொரு பையன் நுழையலாம். அரைஞாண்கயிறுதான் பெல்ட். இன்று இதற்குப் பெயர் ஓவர்சைஸ். அடுத்த ஆண்டு, உட்காரும் இடத்தில் துணி நைந்து இரண்டு பக்கமும் நீளவாக்கில் பிளந்தது. வகுப்பில் எல்லாரும் அதைத் தபால்பெட்டி என்பார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் மடித்த காகிதத்தை உண்மையாகவே உள்ளே போட்டான். இன்று இதற்குப் பெயர் ரிப்டு. மூன்றாம் ஆண்டு நான் வளர்ந்துவிட, உள்ளே மடித்துத் தைத்திருந்ததை அம்மா பிரித்து இறக்கிவிட்டார். மேலே வெளுத்த காக்கி. கீழே வெயிலே படாத புதுக் காக்கி ஒரு பட்டையாக. இரண்டுக்கும் நடுவில் பழைய மடிப்பின் கறுத்த கோடு. இதற்கும் இப்போது ஒரு பெயர் இருக்கிறது. இரு வண்ணச் சேர்க்கை என்று என் மகள் ஒரு பேண்ட்டைக் காட்டினாள், சிரித்துவிட்டேன்.

மூன்று ஆண்டும் எவரும் என்னை நின்று பார்த்து "அழகாக இருக்கிறாய்" என்று சொல்லவில்லை. தபால்தான் போட்டார்கள்.

நானே விரும்பிப் பின்பற்றிய மோஸ்தர் ஒன்றே ஒன்றுதான், பெல்பாட்டம். 1979, கல்லூரி முதலாமாண்டு. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் அப்போது தூணுக்குத் தூண் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலைச் சுற்றிவந்தால் ஜாக்கெட் தயாராகிவிடும். என் டெய்லர் நாடா டேப்பை என் காலில் வைத்தபடி, "பாட்டம் எத்தனை இஞ்ச் தம்பி?" என்று கேட்டார். ஓட்டலில் "காபியா டீயா" என்று கேட்கும் அதே தொனி. நான் 28 என்றேன். அதைச் சொல்லும்போது நெஞ்சு படபடத்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

கீழ்விளிம்பு தரையில் தேய்ந்து பிய்ந்துபோகாமல் இருக்க, உலோக ஜிப்பின் ஒரு பாதியை உள்பக்கம் வட்டமாக வைத்துத் தைப்பார்கள். நடந்தால் சிமென்ட் தரையில் 'கிரீச் கிரீச்' என்று கேட்கும். சைக்கிள் செயினில் மாட்டாமல் இருக்க வலது காலில் மட்டும் துணி கவ்வும் கிளிப். அப்பா ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாசம் பிறந்ததும் கார்ப்பரேஷனில் போய்ச் சம்பளம் கேள். தெரு முழுக்க நீதானே கூட்டுகிறாய்" என்றார்.

சொன்னால் சொல்லட்டும். பெல்பாட்டம் அழகுதான். இதில் நான் யாரோடும் சமரசத்துக்குத் தயாரில்லை. ஒல்லிக்கால் பையனுக்கும் ஒரு கம்பீரம் கொடுத்த உடை அது. என்ன, நான் தைத்துப் போட்டுக்கொண்ட இரண்டு ஆண்டுக்குள் ஊரே குழாய்ப் பேண்ட்டுக்கு மாறிவிட்டது. அதே டெய்லரிடம் அதே பேண்ட்டைக் கொண்டுபோய், இரண்டு பக்கமும் பிடித்துச் சின்னதாக்கச் சொன்னேன். நான் எந்த மோஸ்தரைத் தொட்டாலும் அதற்கு ஆயுள் அவ்வளவுதான் என்று எங்கள் வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு.

தையலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அந்த மண்டபத்து நாயக்க மன்னர்களின் சிலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். திருமலை நாயக்கருக்கு நல்ல தொந்தி. கட்டியிருக்கும் வேட்டியைத் தொந்திக்கு மேலே ஏற்றவில்லை. கீழேயே, அது விழும் இடத்தில், சௌகரியமாக விட்டிருக்கிறார். பின்னாளில் இடுப்புக்குக் கீழே நழுவும் லோ ஹிப் ஜீன்ஸ் வந்து, ஊரில் பெரியவர்கள் எல்லாம் தலையிலடித்துக்கொண்டபோது எனக்கு மன்னர் ஞாபகம்தான் வந்தது. ஆனாலும் பையன்கள் குனியும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மன்னர் கல்லால் ஆனவர், குனிவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தை கடைசியில் என் தம்பி மகனுக்கு நிச்சயதார்த்தம். நான் பெரியப்பா, தம்பி இல்லாத குறைக்கு நான்தான் தட்டு மாற்ற வேண்டும். வேட்டிதான் கட்டுவேன் என்றேன். "எல்லாரும் வேட்டி கட்டி வருவார்கள், நீங்கள் மட்டும் இளமையாகத் தெரிய வேண்டாமா?" என்று மகள் என்னை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பேண்ட்டைப் போட்டுக்கொண்டு டிரையல் ரூமை விட்டு வெளியே வந்தேன். கணுக்காலுக்கு மேல் மூன்று விரற்கடையில் பேண்ட் முடிந்துவிட்டது.

"குட்டையாக இருக்கிறதே, தம்பி."

"குட்டை இல்லை சார், ஆங்கிள்."

"எந்தக் கோணத்தில் பார்த்தாலும் குட்டைதானே?"

அந்தப் பையன் பாவம், பொறுமையாகக் கணுக்காலைத் தொட்டுக் காட்டினான். அதுவரை நான் நினைத்தது ஆங்கிள், அவன் சொன்னது ஆங்க்கிள். இதற்கு சாக்ஸ் போட்டால் கெட்டுவிடும் என்றான். ஆனால் சாக்ஸ் இல்லாமலும் இருக்கக் கூடாதாம். வெளியே தெரியாத சாக்ஸ் என்று ஒன்றை எடுத்து வைத்தான். கண்ணுக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே 199 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ஒரே பொருள் அதுதான்.

மண்டபத்தில் நுழைந்ததும் முதல் ஆளாக என் மைத்துனர், "என்ன மாப்பிள்ளை, ரிட்டையர் ஆனபிறகும் வளருகிறீர்களா?" என்றார். இரண்டாவது ஆள் வாசலில் தண்ணீர் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார். ஆனால் தம்பி மகனின் நண்பர்கள் நான்கு பேர், "சூப்பர் பெரியப்பா" என்று கையைக் குலுக்கினார்கள். 1979க்குப் பிறகு என் கால்சட்டைக்குக் கிடைத்த முதல் பாராட்டு. கொஞ்சம் மிதப்பாகத்தான் நடந்தேன்.

தட்டு மாற்றுவதற்கு ஜமுக்காளம் விரித்தார்கள். சம்மணம் போட்டு உட்கார வேண்டும். பேண்ட் தொடையைக் கவ்விப் பிடித்திருந்தது. வலது காலை மடித்தேன், வந்தது. இடது காலையும் மடித்தேன். ஐயர் "சுக்லாம்பரதரம்" என்று ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து எனக்கு மட்டும், ஆலையில் 32 ஆண்டுகள் கேட்டுப் பழகிய அந்தச் சத்தம் கேட்டது. நூல் தறியிலிருந்து ஒவ்வொன்றாக விடும் சத்தம். அதுவும் பாவு வழியாக. குறுக்கே இல்லை, நெடுக்கே.

எனக்கு மட்டும் என்று நினைத்தேன். மேளச் சத்தமே காதில் விழாத என் அம்மா, பக்கத்து நாற்காலியில் இருந்து குனிந்து, "பெரியவனே, அசையாதே" என்றார். கையை நீட்டி, வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் இரண்டை உருவி, தாம்பூலம் கொடுப்பதுபோல என் உள்ளங்கையில் வைத்தார். ஐயரின் அங்கவஸ்திரம் எனக்குக் கிடைக்காது. சம்பந்தி வீட்டார் போர்த்திய ஜரிகைத் துண்டு கிடைத்தது. அதை இடுப்பில் சுற்றிக்கொண்டு எழுந்தேன், தட்டை மாற்றினேன், போட்டோவுக்கு நின்றேன், பந்தியில் உட்கார்ந்து பாயசம்வரை சாப்பிட்டேன். கைகழுவும் இடத்தில் பெண் வீட்டுப் பையன் ஒருவன் துண்டைச் சுட்டிக்காட்டி, "பேண்ட்டுக்கு மேலே துண்டு நன்றாக இருக்கிறது அங்கிள், எங்கே பார்த்தீர்கள் இந்த ஸ்டைலை?" என்று கேட்டான். மதுரையில் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன், சுவரோரமாக.

புதுமண்டபத்துக் கடைகள் எல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. என் பழைய டெய்லரின் மகன் அங்கே மெஷின் போட்டிருக்கிறார். மறுநாள் பேண்ட்டை ஒரு செய்தித்தாளில் சுற்றி, இரண்டு ஜாக்கெட் துணிக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிளவுக்குள் இரண்டு விரலை விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் கண்ணாடி மேஜையில் செய்த அதே வேலை. ஏழு அங்குலம் இருக்கும், 4 புள்ளி.

"சார், இடம்தான் தப்பிப்போய்விட்டது" என்றார். "இதே கிழிசல் முழங்காலில் விழுந்திருந்தால் நான் கையே வைக்க வேண்டியதில்லை."