மூன்றாம் சிலிண்டர்: கொழிஞ்சாம்பாறைப் பட்டறையிலிருந்து

2025 ஜூன் 12

பாலக்காட்டிலிருந்து வந்திருக்கும் இந்த வண்டியின் எஞ்சின் 1.8 லிட்டர் டர்போ. உள்ளிழுக்க மூன்று, வெளியேற்ற இரண்டு என்று ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்து வால்வுகள். யமஹா 1985இல் எஃப்இசட்750 பைக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்த அமைப்புதான் இது. கார்களில் நெடுநாள் நிலைக்கவில்லை. ஐடிலில் வண்டி குலுங்குகிறது. ஸ்கேனர் பி0303 என்று காட்டுகிறது. முன்பு பார்த்த பட்டறையில் பிளக், காயில், இன்ஜெக்டர் என வரிசையாக மாற்றியிருக்கிறார்கள். அந்தக் குறியீடு மூன்றாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பதை மட்டுமே சொல்லும். ஏன் தவறுகிறது என்று சொல்லாது. தீப்பொறிக்கும் பெட்ரோலுக்கும் இவ்வளவு செலவழித்தவர்கள், அரை மணி நேரத்தில் அளந்துவிடக்கூடிய அழுத்தத்தை ஏன் அளக்காமல் விட்டார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கம்ப்ரெஷன் கேஜை வைத்துப் பார்த்ததில் மற்ற மூன்று சிலிண்டர்களும் 11 பாருக்குச் (பார் என்பது அழுத்த அலகு) சற்று மேலே நின்றன. மூன்றாவது 6 பாரைத் தாண்டவில்லை. பிளக் துளை வழியாகச் சிறிது எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி சுற்றினோம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும்; முள் அசையவில்லை.

அடுத்து லீக் டவுன், அதாவது கசிவுச் சோதனை. பிஸ்டனை மேல்முனையில், இரு பக்க வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, கம்ப்ரெஸர் காற்றைப் பிளக் துளை வழியாகச் செலுத்தி, எந்த வழியாக வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சைலன்ஸரில் சீறினால் வெளியேற்று வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். இந்த வண்டியில் சீறல், எஞ்சினுக்குள் காற்று நுழையும் திராட்டில் பாடியில் தெளிவாகக் கேட்டது. ஆகவே உள்ளிழு வால்வுதான்.

2025 ஜூன் 13

சிறு கேமராவைப் பிளக் துளைக்குள் இறக்கியதில், மூன்றாம் பிஸ்டனின் தலையில் நகக்கீறல் போன்ற ஒரு பிறைத் தழும்பு தெரிந்தது. உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து, கியர் ஏதாவது தவறி விழுந்ததா என்று கேட்டேன். சற்றுத் தயங்கியவர், "ஆமாங்க அண்ணா, வாளையாறு தாண்டி 130இல் போகும்போது அஞ்சிலிருந்து நாலுக்குப் போட்டேன், ரெண்டில் விழுந்துவிட்டது" என்றார்.

இரண்டாம் கியரில், வழக்கமான உச்சமான நிமிடத்துக்கு 6,800 சுற்றுக்கு இந்த வண்டி ஏறத்தாழ 100 கி.மீ. வேகம் காட்டும், 130 என்றால் 8,800 சுற்று. சுற்று வரம்பைக் காக்கும் கணினி பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரங்கள் எஞ்சினை இழுத்துச் சுற்றும்போது அதனால் எதுவும் செய்ய முடியாது. வால்வின் நிலைமவிசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், அந்த ஒரு கணத்தில் அது வழக்கமான உச்சத்தைவிட ஏறத்தாழ 1.7 மடங்காகியிருக்கும். ஸ்பிரிங்கால் வால்வை, அதை அழுத்தித் திறக்கும் கேமோடு ஒட்டியபடி மூட முடியாமல் போக, மேலேறி வந்த பிஸ்டன் அதை முட்டியிருக்கிறது.

2025 ஜூன் 14

வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்றினோம். அதற்கு முன், கேமும் பிஸ்டனும் இசைந்து சுற்றுகின்றனவா என்று காட்டும் டைமிங் குறிகளைச் சரிபார்த்தேன். பெல்ட் ஒரு பல்கூட நகரவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் மேல்காற்று இந்த மாதத்தில் புழுதியை அள்ளிக்கொண்டு வருவதால், திறந்து கிடக்கும் சிலிண்டர்களைத் துணியால் மூடி, பட்டறையின் மேற்குப் பக்கத்து ஷட்டரை இறக்கிய பிறகே வேலை நடந்தது.

ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்குகளை மாட்டி, எரியறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். மூன்றாம் அறையிலிருந்து இரண்டு உள்ளிழு வால்வுகள் வழியே ஒழுகியது. கேம்களையும், அவற்றுக்கும் வால்வுகளுக்கும் நடுவே இருக்கும் டேப்பட்களையும் எடுத்து, வால்வுகளை உருவி, வி-பிளாக்கில் உருட்டி டயல் கேஜ் வைத்ததில் அவ்விரண்டின் தண்டும் வளைந்திருந்தது உறுதியானது. நடு வால்வு தப்பியிருக்கிறது. அது பக்கத்து இரண்டிலிருந்து வேறுபட்ட சாய்வில் நிற்பது. எதை எங்கிருந்து எடுத்தோம் என்று அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகி வைத்தாயிற்று.

2025 ஜூன் 17

வேலந்தாவளம் வழியாக ஹெட் கோயம்புத்தூர் போய்த் திரும்பியது. பரப்பு சமமாகவே இருந்தது. மூன்றாம் சிலிண்டரில் வால்வுத் தண்டு நகரும் இரண்டு கைடுகளை மட்டும் மாற்றி, வால்வு அமரும் சீட்டைச் சீர்செய்தார்கள். இந்த எஞ்சினின் வால்வு முகங்களை இயந்திரத்தில் அரைக்கக் கூடாது. பேஸ்ட் போட்டுக் கையால் தேய்த்து உட்காரவைக்க மட்டுமே கையேடு அனுமதிக்கிறது. ஸ்பிரிங்குகளை முழுத் தொகுப்பாக மாற்றினேன், சீல்களும் புதியவை.

அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி கனெக்டிங் ராடு பேரிங்குகளையும் பார்த்தேன். நல்ல நிலையில் இருந்தாலும் ராடு போல்ட்டுகளை மாற்றினேன், ஏனெனில் வால்வு சந்தித்த அதே விசைப்பெருக்கத்தை அவையும் சந்தித்திருக்கின்றன. உரிமையாளருக்கு இந்தச் செலவில் உடன்பாடில்லை. போல்ட் அறுந்தால் பிளாக்கே போய்விடும் என்றதும் ஒத்துக்கொண்டார்.

2025 ஜூன் 20

பூட்டும் வேலை முடிந்தது. கேம்களை இணைக்கும் செயினில் இரண்டு குறிகளுக்கு நடுவே 16 ரோலர்கள் இருக்க வேண்டும். தம்பி எண்ணியதை நானும் ஒருமுறை எண்ணினேன். ஹெட் போல்ட்டுகள் நீண்டு பிடிப்பவை என்பதால் பழையவற்றைத் திரும்பப் போடவில்லை. ஹைட்ராலிக் டேப்பட் பூட்டியதும் உள்ளே இருக்கும் ஆயில் இறங்கி அவை தம் அளவுக்கு அமைய அரை மணி நேரமாவது விட வேண்டும். பொறுக்காமல் சாவியைத் திருப்பினால் புதிய வால்வுகளும் பிஸ்டனை முட்டும். அதன்பின் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்துத்தான் ஸ்டார்ட் செய்தோம். ஐடில் சீராக இருக்கிறது. மூன்றாம் சிலிண்டரின் அழுத்தம் மற்றவற்றோடு சேர்ந்துவிட்டது.

2025 ஜூன் 21

கியர் ஏன் இரண்டில் விழுந்தது என்பது மிச்சமிருந்தது. ஓட்டியவரின் கைமேல் பழியைப் போட்டுவிடலாம்தான். ஆனால் நியூட்ரலில் லீவர் பக்கவாட்டில் ஆடிய ஆட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை. கியர் கேபிள் முனையின் புஷ் தேய்ந்திருந்தது, எஞ்சினின் கீழ் மவுண்ட்டில் ரப்பர் கிழிந்திருந்தது. இரண்டும் மாறிய பிறகு நாலாம் கியர் தன் இடத்தில் விழுகிறது.

வண்டியை எடுக்க வந்தவர், ரீமேப் செய்து, அதாவது கணினியின் அமைப்பை மாற்றி, சுற்று வரம்பை 7,200க்கும் டர்போவின் காற்றழுத்தமான பூஸ்ட்டை இன்னும் கொஞ்சமும் உயர்த்தலாமா என்று கேட்டார். ஒரு பார் பூஸ்ட் என்பதே 27 மி.மீ. வால்வின் முதுகில் கிட்டத்தட்ட 6 கிலோ எடையை வைப்பதற்குச் சமம்; அவ்வளவும் ஸ்பிரிங்கின் பிடியிலிருந்து கழியும். கம்பெனி அளவு ஸ்பிரிங் இருக்கும்வரை இந்தப் பட்டறையில் அதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லி, 1,000 கி.மீ. ஓடியதும் ஆயில் மாற்றி லீக் டவுன் பார்க்க வரச் சொன்னேன்.