சமயபுரத்தாளுக்குக் கண்மலர்

பங்குனி வெயிலில் சமயபுரத்துக்கு நடப்பது என்று அப்பாயி முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. கண்புரை ஆபரேஷன் முடிந்து, இனிமேல் தலைக்குக் குளிக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே மஞ்சள் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெளியே போட்டுவிட்டது. "பார்வை நல்லபடியாத் திரும்பினா கண்மலர் போடுறேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருக்கேன், கடனை வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வராது" என்றது. கண்மலர் என்றால் கண் வடிவத்தில் செய்த சின்னத் தகடு, காணிக்கையாகப் போடுவது. காரில் கூட்டிப்போகிறேன் என்று அப்பா கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் நம்பர் ஒன் டோல்கேட் வரை பஸ், அங்கிருந்து நடை என்று பேசி முடிந்தது. துணைக்கு நான்.

அப்பாயிக்கு நடை ஒன்றும் புதிதில்லை. அய்யன் வாய்க்கால் கரையோரமாகவே தலையில் மோர்ப்பானையோடு லால்குடிக்கு வருஷக்கணக்கில் நடந்த கால் அது. தாத்தா போனபோது நாலு பிள்ளைகள், கடைசி அத்தை கைக்குழந்தை, சொத்து என்று பார்த்தால் ரெண்டு எருமை. கோழி கூப்பிடுவதற்கு முன்னால் எழுந்து, மத்தைப் போட்டுக் கடைந்து, வெண்ணெயைத் தனியாக உருட்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, சும்மாடு வைத்துப் பானையைத் தூக்கினால் வெயில் ஏறுவதற்குள் பாதி ஊரைச் சுற்றி முடித்திருக்கும். உழக்கில் அளந்து ஊற்றிவிட்டு மேலே கொஞ்சம் சாய்த்துவிடும், அந்தக் கொசுறுக்காகவே வேறு மோர்க்காரியைக் கூப்பிடாத வீடுகள் இருந்தனவாம். எழுதப் படிக்கத் தெரியாது. கடனுக்கு வாங்குகிற வீட்டுச் சுவரில் கரியால் கோடு போட்டுவிட்டு வரும், மாசக் கடைசியில் கோட்டை எண்ணிக் காசு. பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டுக் கோடே இல்லையே என்று கையை விரித்த வீடும் உண்டு, அந்தப் பாக்கி எவ்வளவு என்று இன்றைக்குக் கேட்டாலும் பைசா சுத்தமாகச் சொல்லும். அந்த வெண்ணெய்க் காசில்தான் அப்பா ஐ.டி.ஐ. படித்தார், அத்தைகள் காதில் தோடு ஏறியது. பாக்கெட் தயிர் வந்து வியாபாரம் படுத்ததும் கீரைக்கட்டுக்கு மாறிக்கொண்டது. வீட்டுச் சாவிக்கொத்து இன்னும் அதன் இடுப்பில்தான் இருக்கிறது, என் அம்மாவுக்கே அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சமயபுரத்தாளிடம் அப்பாயிக்கு நம்பிக்கை வந்த கதையும் கண்ணை வைத்துத்தான். அப்பாவுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டது, சாதாரண அம்மை இல்லை, பெரியது. இந்தியாவில் 1975-க்கு அப்புறம் அந்த நோயே இல்லை என்கிறார்கள், அப்பா முகத்தில் தழும்பு அப்படியே இருக்கிறது. கண்ணுக்குள் முத்து இறங்கினால் பார்வை போய்விடும் என்று எல்லாரும் பயமுறுத்தியபோது, வேப்பிலையைப் பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, ஈரப்புடவையோடு வாசலில் நின்று கண்மலர் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டதாம். ஆத்தா கண்ணைக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பிள்ளைக்கு, பேத்திக்கு, எருமைக்கு, மருமகன் வேலைக்கு என்று என்னென்னவோ வேண்டுதல். தன் உடம்புக்கென்று வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை.

போனது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஆத்தாளே விரதம் இருக்கிற பச்சைப் பட்டினி நடக்கிற நேரம். கேட்கவா வேண்டும்! ரோடு முழுக்க மஞ்சள் புடவை, பூத்தட்டு, மேளம். தார் ரோட்டில் எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது, அப்பாயி வேப்பிலையைக் கையில் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருந்தது. வழியில் ஒரு பந்தலில் நீர்மோர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "கடையாம கலக்கியிருக்கானுங்க, சரி, புண்ணியத்துக்குக் குடுக்குறது, நல்லாருக்கட்டும்" என்று முழுவதையும் குடித்தது.

கோவில் பக்கம் வந்தபிறகுதான் உண்மையான சோதனை. செருப்பை விட்டால் தட்டு எங்களிடம்தான் வாங்கணும் என்று ஒருவர் வழியை மறிக்கிறார். ஐநூறு கொடுத்தால் நேராக உள்ளே விடுகிறேன் என்று இன்னொருவர் காதோரமாக வந்து பேசுகிறார். கேட்காமலே நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டுக் காசுக்குக் கையை நீட்டுகிறார்கள். ஆத்தாளைப் பார்க்க வருகிறவர்களை இப்படியா பிடுங்குவது? அப்பாயி மட்டும் அசரவே இல்லை. கண்மலர் விற்கிறவர் அசல் வெள்ளி, 200 ரூபாய் என்றதும் தகட்டை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, ஓரத்தை நகத்தால் லேசாக நெளித்துப் பார்த்து, "தம்பி, நான் அம்பது வருசம் யாவாரம் பண்ணவ. இது வெள்ளின்னு ஆத்தா தலையில அடிச்சு சொல்லு, நீ கேக்குறதைத் தர்றேன்" என்றது. அவர் சிரித்துவிட்டார். 80 ரூபாய்க்கு முடிந்தது. "வெயில்ல நிக்கிற, உனக்கும் நாலு காசு நிக்கணும்" என்று மேலே பத்து ரூபாயை அதுவாகவே கொடுத்துவிட்டு, கொசுறாக ஒரு குங்குமப் பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தது.

வரிசையில் நின்றது ஒரு யுகம். யார் முழங்கை யார் விலாவில் என்றே தெரியவில்லை, ஒரு குழந்தை வீரிட்டு அழுகிறது, பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். அப்பாயியைச் சுற்றிக் கையை வைத்து அணைகட்டிக்கொண்டு நான் உள்ளே போனேன். அப்புறம் சட்டென்று எதிரே அவள். செக்கச் செவேலென்று, அவ்வளவு பெரிய திருமேனி, அந்தக் கண்கள். எனக்கு என்ன வேண்டுவது என்றே மறந்து போய்விட்டது. அப்பாயி கும்பிடவில்லை. கண்மலரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, புதுக் கண்ணால் ஆத்தாளை முகத்திலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தது. பார்த்துவிட்டு, ஊருக்குப் போன மகளிடம் கேட்கிற குரலில், "என்னாடி இப்புடி இளைச்சுப் போயிட்ட?" என்றது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நமக்காக அவள் பட்டினி கிடக்கிற 28 நாள், நைவேத்தியம் துள்ளுமாவும் நீர்மோரும் பானகமும் இளநீரும்தானே. அதைச் சொல்கிறது. பிள்ளைகளுக்குச் சோற்றைப் போட்டுவிட்டு மிச்ச மோரைக் குடித்துப் படுத்த மனுஷிக்குத்தான் அது முதலில் கண்ணில் படும் போல. "நகருங்கம்மா, நகருங்க" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தவர் கூட ஒரு நொடி நிறுத்திவிட்டு, "ஆயா, இன்னொரு தடவை பாத்துட்டுப் போ" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன் அவரை. அந்த ஒரு நொடி போதும் தாயே, இந்தத் தள்ளுமுள்ளு, கொப்பளம், பிடுங்கல் எல்லாம் காணாமல் போய்விட்டது. என் அப்பாவுக்குக் கண் கொடுத்தவள், அவரைப் பெற்றவளுக்கும் கொடுத்துவிட்டாய், நான் உனக்கு என்ன செய்வேன் மகமாயி.

கண்மலரை இரண்டு கண்ணிலும் ஒற்றி உண்டியலில் போட்டாயிற்று. தேங்காய் எங்கே உடைத்தோம், எந்த வழியாக வெளியே வந்தோம் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கடைகளின் போர்டில் இருக்கிற கலரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தது அப்பாயி. டோல்கேட் தாண்டுவதற்குள், சித்திரைத் தேருக்கும் வரணும், அன்றைக்காவது வீட்டிலிருந்தே நடக்கணும் என்று ஆரம்பித்துவிட்டது. அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.