பங்குத் தளங்களை ஒன்றாக்கும்போது

பங்கு ஆலயங்களின் பழைய இணையதளங்களை ஒன்றாக்கிய ஒரு மறைமாவட்டத்தின் புதிய தளத்தில் இன்று "ேகாயில் திருவிழா" என்று கண்ணில் பட்டது.

கொம்பு தனியே நிற்கிறது. காரணம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு.

பழைய பங்குத் தளங்கள் பலவும் அதில் தட்டியவை. அதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் பின்னால் சேமிக்கப்படும். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

பக்கத்தை அப்படியே எழுத்துரு மாற்றியில் போடவும் கூடாது. நிரல் குறிகளும் ஆங்கிலப் பெயர்களும் சேர்ந்தே தமிழாகிவிடும். உரையை மட்டும் உருவி, மாற்றி, திரும்பப் பொருத்துங்கள். பெரிய வேலைதான். ஆனால் திருப்பலி நேரம் தேடி வருகிற பாட்டிக்கு அதைப் படிக்க முடியவேண்டும்.

அடுத்த சிக்கல் உறுப்பினர்கள். ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் வேர்ட்பிரஸ் மல்டிசைட்டில் பங்குக்கொரு தளம் இருந்தாலும் பயனர் பட்டியல் ஒன்றுதான். ஒரு மின்னஞ்சலுக்கு ஒரே கணக்கு. கணவனும் மனைவியும் ஒரே ஜிமெயிலைக் கொடுத்திருந்தால் இரண்டாமவரின் பதிவு நிராகரிக்கப்படும். ஏற்றுவதற்கு முன்பே எக்செல்லில் இரட்டிப்புகளைப் பிரித்துவிடுங்கள். ஞானஸ்நானப் பதிவேட்டை இதற்குள் கொண்டுவரவே வேண்டாம்.

பழைய முகவரிகளுக்குப் பக்கம் பக்கமாக 301, அதாவது புதிய முகவரிக்கு நிரந்தர வழிமாற்று, கொடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே தள்ளினால் கூகுள் அவற்றை இல்லாத பக்கங்களாகவே எடுத்துக்கொள்ளும். பழைய டொமைன்களை ஒரு வருடமாவது புதுப்பித்து வைத்திருங்கள்.

அந்த டொமைன்கள் யார் பெயரில் இருக்கின்றன என்பதை முதல் நாளே பாருங்கள். பல இடங்களில் அது ஊரைவிட்டுப் போன ஒரு முன்னாள் செயலாளரின் சொந்தக் கணக்கில் இருக்கும்.