பங்குனி ஆமைகளின் பருவம்: நீலாங்கரை முதல் காசிமேடு வரை

12 ஜனவரி 2025, ஞாயிறு

நீலாங்கரைக்கும் கொட்டிவாக்கத்துக்கும் இடையில் இன்று காலை ஒரு பங்குனி ஆமை இறந்து ஒதுங்கியிருந்தது. வால் குட்டையாக இருந்ததால் வளர்ந்த பெண் ஆமை என்று தெரிந்தது. ஓட்டில் உடைப்போ, படகின் விசிறி பட்ட வெட்டோ இல்லை. கழுத்து வீங்கி, கண்கள் பிதுங்கியிருந்தன. நீரில் மூச்சு முட்டி இறந்த ஆமையிடம் காணப்படும் அடையாளங்கள் இவை. நுரையீரலால் சுவாசிக்கும் உயிரினம் என்பதால் அது அவ்வப்போது நீருக்கு மேல் வந்தே தீர வேண்டும்; இழுவை வலையின் மடிக்குள், அதாவது அதன் கடைக்கோடியில் உள்ள பைக்குள், சிக்கிவிட்டால், இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வலையைத் தூக்கும்வரை அதற்கு வழியில்லை. அரை உயிராக மேலே வருவதையும் பின்பக்கம் சற்று உயர்ந்திருக்குமாறு தளத்தில் கிடத்தி, ஈரமாக வைத்திருந்தால் பல மணி நேரத்துக்குப் பிறகாவது தெளிந்துவிட வாய்ப்புண்டு. செத்துவிட்டது என்று எண்ணி உடனே கடலில் தள்ளும்போது, மயக்கத்திலேயே மூழ்கிவிடுகிறது.

19 ஜனவரி

இந்த வாரமும் அதே காட்சிதான். அழுகிய நாற்றத்தால் நடைப்பயிற்சிக்கு வருவோர் வேறு பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

ஃபைபர் படகில் தொழில் செய்யும் அண்ணன் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “எங்க வலையில ஆமை மாட்டுனா வலைதான் தம்பி கிழியும், அதை அறுத்து விடுறதைத் தவிர வேற வழியில்ல. விசைப்படகு கரையை ஒட்டி இழுக்குறப்போ எங்க வலையும் போகுது, ஆமையும் போகுது” என்றார். இன்றைய விதிப்படி, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்குள், இழுவைப் படகுகள் மீன் பிடிக்கக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடி நிற்பதும், இறால் கிடைப்பதும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான் என்பதால், விதியை மீறுவதில் வருமானமும் இருக்கிறது. ஆமையின் சாவையும் சிறு மீனவரின் நட்டத்தையும் இரண்டு தனித்தனிச் செய்திகளாக நாம் ஏன் படிக்கிறோம் என்பது எனக்குப் புரிவதில்லை.

2 பிப்ரவரி

சென்னையிலும் அதை அடுத்த கடற்கரைகளிலுமாகக் கடந்த மாதம் 1,000-க்கும் மேற்பட்ட ஆமைகள் ஒதுங்கியதாகச் செய்திகள் வந்துவிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இதைத் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டுள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், முதல் அட்டவணையில் புலியோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கும் உயிரினம் இது. ஒரு மாதத்தில் இத்தனை புலிகள் செத்திருந்தால் நாடு எப்படிக் கொந்தளித்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அன்று. மடிக்கு முன்னால் கம்பிச் சட்டம் ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால், இறாலும் மீனும் இடைவெளி வழியே உள்ளே போகும்; ஆமை சட்டத்தில் முட்டி, அதை ஒட்டிய திறப்பின் வழியே வெளியேறிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்ற வடிவத்தையே உருவாக்கித் தந்திருக்கிறது. இக்கருவி இல்லாமல் கடலில் பிடிக்கப்படும் இறாலை அமெரிக்கா வாங்க மறுப்பதால், 2018 முதல் அந்தச் சந்தையும் நமக்கு மூடிக்கிடக்கிறது.

23 பிப்ரவரி

நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து மாணவர் குழுவோடு நடந்தேன். 1988 முதல் ஆண்டுதோறும் மாணவர்கள் இப்படி நடந்து, முட்டைகளை நாய்களிடமிருந்தும் மனிதரிடமிருந்தும் காத்து வருகிறார்கள். திருவான்மியூருக்குச் சற்று முன்னால், நீரிலிருந்து ஏறி மீண்டும் நீருக்கே இறங்கிய தடம் தென்பட்டது. கலைந்த மணலில் ஒரு பெண் குச்சியை மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அது தடையின்றி இறங்கியது. கைகளாலேயே தோண்டியபோது, முழங்கை மறையும் ஆழத்தில், மேசைப்பந்து போன்ற வெள்ளை முட்டைகள் நூறுக்கு மேல் இருந்தன. ஓடு கெட்டியாக இல்லை. விரல் பட்டால் லேசாகக் குழிகிறது. முட்டைகளைத் துணிப்பையில் எடுத்துச்சென்று பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைத்தார்கள்.

16 மார்ச்

விளக்குகளைப் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நகர்பவை. விண்மீன் ஒளியில் கடல்தான் வெளிச்சமாக இருக்கும். நம் கரையிலோ சாலைதான் வெளிச்சமாக இருக்கிறது.

13 ஏப்ரல்

மாலையில் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். ஆயிரத்தில் ஒன்று வளர்ந்து ஆளாவதே அரிது என்பார்கள். அப்படித் தப்பிப் பதினைந்து ஆண்டுகள் போல வளர்ந்த பிறகு, முட்டையிட வரும் வேளையில்தான் அது மடியில் சிக்குகிறது. பொரிப்பகத்தில் எத்தனை குஞ்சுகளைக் காப்பாற்றினாலும் அந்த இழப்பு ஈடாகாது.

20 ஏப்ரல்

காசிமேடு. 15-ஆம் தேதி தொடங்கிய தடைக்காலம் ஜூன் 14 வரை, 61 நாட்கள். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக விதிக்கப்பட்ட தடை இது. ஆமைகள் கரையேறும் தை, மாசி, பங்குனியில் படகுகள் கடலில் இருக்கின்றன, அவை முட்டையிட்டு முடித்த பிறகே படகுகள் கரைக்கு வருகின்றன. தை மாதத்திலும் நிறுத்துங்கள் என்று சொல்வது எளிது. குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணத்தில் இந்த இரண்டு மாதங்களை ஓட்டுவதே பெரும்பாடு. ஆகவே காலத்தை மாற்றுவதைவிட வலையை மாற்றுவதே நடக்கக்கூடியது என்று நினைக்கிறேன். வலைகளெல்லாம் கரையில் கிடந்து செப்பனிடப்படும் இந்த நாட்களைவிட அதற்கு வாய்ப்பான நேரம் இல்லை.

வலை பின்னிக்கொண்டிருந்த விசைப்படகுத் தொழிலாளி ஒருவரிடம் அதைக் கேட்டேன். கருவியைப் பார்த்திருக்கிறாராம். “எல்லாரும் மாட்டுனா நானும் மாட்டுறேன் சார். நான் மட்டும் மாட்டுனா, என் வலையில தப்புற இறாலைப் பக்கத்துப் படகுக்காரன் அள்ளிட்டுப் போவான்.” படகுகள் ஜூனில் புறப்படும் முன் துறைமுக வாயிலிலேயே ஒவ்வொரு வலையையும் சோதித்து அனுப்பினால், அவர் சொல்லும் இந்தக் காரணம் இல்லாமல் போகும்.