கீழாநெல்லி இனங்களைப் பிரித்தறிதல்: இதுவரை பார்த்தது

இலைக்கடியில் வரிசையாகக் காய் தொங்கினால் அது கீழாநெல்லி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த அடையாளம் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களுக்குப் பொருந்தும். 10 மடங்கு லென்ஸோடு இந்தச் செடிகளைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு, நான் இலையைக் கடைசியில்தான் பார்க்கிறேன்.

நான் பார்த்த ஐந்து இனங்களில் இரண்டு சீக்கிரமே தனியாக விலகிவிட்டன. ஒன்று மேலாநெல்லி, அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ். மற்றவற்றில் நடுத்தண்டில் வெறும் செதில்கள்தான் இருக்கும். இலையெல்லாம் பக்கக்கிளைகளில் இரு வரிசையாக அமைந்து, ஒவ்வொரு கிளையும் ஒரே கூட்டிலைபோலத் தோன்றும். மேலாநெல்லியில் நடுத்தண்டிலும் முழு இலை உண்டு, அதுவும் அடி குறுகி நுனி அகன்று ஆப்பு வடிவில். இன்னொன்று சிவப்புக் கீழாநெல்லி, ஃபில்லாந்தஸ் யூரினேரியா. அதன் காய்க்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். தோல் சொரசொரப்பாக இருக்கும்.

கடினமானது மீதி மூன்றும்தான்: அதே ஃபில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த அமாரஸ், பிராட்டெர்னஸ், டெபிலிஸ். இந்தியத் தாவர நூல்களில் நெடுங்காலம் இவை மூன்றும் நிரூரி என்ற ஒரே பெயரில் கலந்து கிடந்தன. அந்தக் குழப்பத்தை 1985இல் தாவரவியலாளர்கள் மித்ராவும் ஜெயினும் பிரித்துக் காட்டினார்கள். உண்மையான நிரூரி அமெரிக்கக் கண்டத்துச் செடி.

எனக்குக் கைகொடுத்தது இதழ் எண்ணிக்கை. அமாரஸில் 5, மற்ற இரண்டிலும் 6. பூ முடிந்துவிட்டாலும் கவலையில்லை, காயின் அடியில் அந்த இதழ்கள் ஒட்டிக்கொண்டே இருக்கும். காயைக் கவிழ்த்து எண்ணினால் போதும். ஒரே காயை நம்பாமல் பல காய்களைப் பார்ப்பது நல்லது. அடுத்து பூக்கள் அமர்ந்திருக்கும் விதம். அமாரஸில் கிளையின் நடுப்பகுதிக்கு மேல் ஒவ்வொரு இலைக்கோணத்திலும் (இலை கிளையோடு சேரும் மூலையில்) ஓர் ஆண் பூவும் ஒரு பெண் பூவும் சேர்ந்திருக்கும். மற்ற இரண்டிலும் கிளையின் அடிப்பக்கம் ஆண் பூக்கள், நுனிப்பக்கம் தனித்தனிப் பெண் பூக்கள். அமாரஸிலும் அடிக்கணுக்களில் ஆண் பூ மட்டும் இருக்கலாம் என்பதால், கிளையின் அடியை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

விதை பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. காய் முற்றினால் வெடித்துச் சிதறிவிடும். அதனால் காய்த்த கிளையைக் காகித உறையில் போட்டு மூடி வைக்கிறேன். பிறகு வெள்ளைத் தாளில் கொட்டி, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி லென்ஸில் பார்க்கிறேன். அமாரஸ் விதையின் முதுகில் நீளவாட்டில் வரிகள். யூரினேரியாவில் குறுக்குவாட்டில், தெளிவான மேடுகளாக. மேலாநெல்லியில் வரி இருக்க வேண்டிய இடத்தில் நுண்புள்ளிகள் வரிசையாக இருக்கும். காய்ந்து பொடிந்த மூலிகையில்கூட, விதை கிடைத்தால் யூரினேரியாவைக் கண்டுபிடித்துவிடலாம். மருந்துக்கு எடுக்கிற செடி என்பதால் இந்த வேறுபாடு முக்கியம் என்று நினைக்கிறேன்.

பிராட்டெர்னஸையும் டெபிலிஸையும் பிரிப்பதுதான் இன்னும் பாக்கி. டெபிலிஸின் இலை இரு முனையிலும் கூராக இருக்கும், பிராட்டெர்னஸில் நுனி மழுங்கலாக இருக்கும். இளஞ்செடியில் அதை நம்ப முடியவில்லை. முற்றிய செடிகளை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிட்டு வருகிறேன்.