நர்சிங் பட்டப்படிப்பு: பதிவேட்டிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்

மற்ற பட்டங்களைப் போல நர்சிங் பட்டம் தனியாக நிற்காது. நீங்கள் வேலை பார்க்கப்போகும் இடத்தின் நர்சிங் கவுன்சிலோ போர்டோ உங்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் வார்டில் உங்கள் பொறுப்பில் மருந்து கொடுக்க முடியும். பதிவேட்டில் ஏற்றாத பட்டத்தை ஃப்ரேம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்கலாம், அவ்வளவுதான். அதனால் கல்லூரித் தேடலை விடுதியிலும் கட்டடத்திலும் தொடங்காமல், பதிவேட்டிலிருந்து பின்னோக்கி வருவது நல்லது.

அங்கீகாரம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்கு உள்ள அங்கீகாரம் வேறு, அந்த நர்சிங் படிப்புக்கு உள்ள அனுமதி வேறு. அமெரிக்காவில் மாநில நர்சிங் போர்டின் ஒப்புதல் இருந்தால் செவிலியர் உரிமத்துக்கான என்கிளெக்ஸ்-ஆர்என் தேர்வு எழுதும் வழி திறக்கும். ஏசிஇஎன், சிசிஎன்இ போன்ற அமைப்புகள் தரும் தரச்சான்று தனி, பின்னாளில் எம்.எஸ்சி.க்குப் போகும்போது பல கல்லூரிகள் அதைக் கேட்கும். ஆஸ்திரேலியாவில் படிப்பை ஆராய்ந்து தரச்சான்று தருவது ஒரு அமைப்பு, பதிவுக்கு ஏற்கத்தக்கதென ஒப்புதல் தருவது இன்னொன்று. இந்தியாவில் இந்திய நர்சிங் கவுன்சிலும் உண்டு, மாநிலக் கவுன்சிலும் உண்டு.

சரிபார்க்கும் இடம் கல்லூரியின் விளம்பரத்தாள் அல்ல, கவுன்சிலின் சொந்தப் பட்டியல். அதில் கல்லூரிப் பெயரைப் பார்த்ததும் திருப்திப்பட்டுவிட வேண்டாம். எந்த வளாகம், எந்தப் படிப்பு, எந்த ஆண்டுச் சேர்க்கை, எத்தனை சீட் என்று நான்கையும் பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு வளாகங்கள் இருந்து ஒன்றுக்கு மட்டும் அனுமதி இருக்கலாம். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்ற பதிலை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மணிக்கணக்கு. இதைக் கேட்பவர்கள் குறைவு, பின்னால் வருந்துபவர்கள் அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி பொதுச் செவிலியர் படிப்பு குறைந்தது 3 ஆண்டு, 4,600 மணி. அதில் பாதியாவது நோயாளிகள் பக்கத்தில் கழிய வேண்டும். பிரிட்டனில் 2,300 மணி பாடம், 2,300 மணி பயிற்சி. அந்தப் பயிற்சியில் 600 மணி வரை சிமுலேஷனாக, அதாவது நிஜ நோயாளி இல்லாத ஒத்திகைப் பயிற்சியாக இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் குறைந்தது 800 மணி நேரடிப் பயிற்சி, அதில் சிமுலேஷன் சேராது. வேறு நாட்டில் பதிவு செய்யும் எண்ணம் துளியாவது இருந்தால், துறைவாரியான மணிக்கணக்கைக் கல்லூரி எழுத்தில் தருமா என்று சேரும் முன்பே கேளுங்கள். மருத்துவம்-அறுவை, மகப்பேறு, குழந்தைகள், மனநலம் ஆகியவற்றில் ஒன்று விடுபட்டாலும் சில நாடுகளில் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். பிரிட்டனில் பட்டமே பெரியவர்கள், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என்று பிரிவுவாரியாக வருவது. குழந்தைகள் பிரிவை மட்டும் படித்துவிட்டுப் பொதுச் செவிலியராகப் பதிவு கேட்டு இன்னொரு நாட்டுக்குப் போனால் இடைவெளியைக் காட்டுவார்கள்.

மணி சரியாக இருந்தாலும் அது எங்கே கழிகிறது என்பது தனிக் கேள்வி. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை படுக்கை, எத்தனை நிரம்பியிருக்கும், ஒரு கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் பார்வையில் எத்தனை மாணவர்கள், நைட் டியூட்டி உண்டா, அதே வார்டுக்கு வேறு எத்தனை கல்லூரிகள் வருகின்றன? ஒரு பிரசவத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றால் பின்வரிசையில் இருப்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். ஸ்கில் லேபில் புதுப் பொம்மை இருப்பதைக் காட்டிப் பெருமைப்படும் கல்லூரி, ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லத் தயங்கினால் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் "போன வாரம் வார்டில் உங்கள் கையால் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

தேர்ச்சி விகிதத்தில் ஒரு கணக்கு வித்தை உண்டு. 60 பேர் சேர்ந்து, 36 பேர் படிப்பை முடித்து, அதில் 34 பேர் உரிமத் தேர்வில் முதல் முறையே தேறினால் விளம்பரத்தில் 94 சதவீதம் என்று வரும். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 57 சதவீதம்தான். உள்தேர்வில் தேறாதவர்களைத் தேர்வு எழுதவே விடாமல் நிறுத்தி வைக்கும் இடங்களும் உண்டு. எனவே "சேர்ந்தவர்களில் எத்தனை பேர் உரிய காலத்தில் முடிக்கிறார்கள்?" என்று கேளுங்கள்.

விண்ணப்பத்தில் அதிகம் தடுக்குவது முன்தகுதிப் பாடங்கள். அமெரிக்கக் கல்லூரிகள் உடற்கூறியல்-உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல், புள்ளியியல் போன்றவற்றை முன்பே முடித்திருக்கச் சொல்கின்றன. பல இடங்களில் அறிவியல் மதிப்பெண்ணுக்கு 5 முதல் 7 ஆண்டு என்று காலாவதியும் உண்டு. ஆய்வகம் இல்லாத ஆன்லைன் பாடத்தைச் சிலர் ஏற்பதில்லை. திரும்ப எழுதிய பாடத்தில் எந்த மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள், எத்தனை முறை எழுதலாம் என்பதும் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவர்கள் நான்கு ஆண்டும் உட்கார வேண்டியதில்லை. சுருக்கப்பட்ட படிப்புகள் உள்ளன, ஆனால் வேலை பார்த்துக்கொண்டே அவற்றைச் சமாளிப்பது மிகக் கடினம்.

நேர்காணலில் "சேவை செய்ய ஆசை" என்று மட்டும் சொல்பவர்கள் வரிசையாக வருவார்கள். கேட்பவருக்கு வேண்டியது நீங்கள் தவறை எப்படிக் கையாளுவீர்கள் என்பது. பல நிலையங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம் கொடுத்துச் சோதிக்கும் முறையில், "சக மாணவர் கை கழுவாமல் நோயாளியைத் தொட்டார், என்ன செய்வீர்கள்?" போன்ற கேள்விகள் வரும். முதலில் நோயாளிக்குப் பாதுகாப்பு, பிறகு யாரிடம் தெரிவிப்பது என்ற வரிசையில் பேசுங்கள். கணக்கும் வரலாம். டைகாக்சின் என்ற இதய மருந்து 0.25 மில்லிகிராம் கொடுக்க வேண்டும். ஆம்பூலில் (சிறு கண்ணாடி மருந்துக் குப்பியில்) 2 மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம். 0.25 மில்லிகிராம் என்பது 250 மைக்ரோகிராம், ஆக 1 மில்லிலிட்டர். அலகை மாற்றும்போது புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

சீட் கிடைத்த பிறகும் வார்டு வாசலில் மாணவர்களை நிறுத்துவது தடுப்பூசிச் சான்றுதான். ஹெபடைடிஸ் பி வழக்கமாக 0, 1, 6 மாதங்களில் மூன்று டோஸ். கடைசி டோஸுக்கு 1 முதல் 2 மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு மில்லிலிட்டருக்கு 10 மில்லி அலகாவது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மொத்தம் 7, 8 மாதம். சேர்க்கைக் கடிதம் வந்தபின் தொடங்கினால் முதல் கிளினிக்கல் போஸ்டிங்குக்கு முன்பே முடியாமல் போகலாம். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா தடுப்பூசி) இரண்டு டோஸ், இடையில் குறைந்தது 28 நாள். இங்கே ஒரு பொறி: எம்எம்ஆர் போட்ட சில நாட்களில் காசநோய்க்கான தோல் சோதனை செய்தால் நோய்த்தொற்று இருந்தாலும் இல்லையென்று காட்டக்கூடும். இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள், அல்லது 4 வாரம் விடுங்கள். தோல் சோதனையின் முடிவை 48 முதல் 72 மணிக்குள் பார்த்துக் குறிக்காவிட்டால் மறுபடி ஊசி. கல்லூரி இந்தச் சோதனையை இரண்டு கட்டமாகக் கேட்டால், இரண்டாவது 1 முதல் 3 வாரம் கழித்து. தோல் சோதனைக்குப் பதிலாகக் காசநோய்க்கான இன்டர்ஃபெரான் ரத்தச் சோதனையை ஏற்கும் கல்லூரியானால், முடிவு பார்க்கவும் இரண்டாம் கட்டத்துக்கும் மறுபடி போகும் அலைச்சல் இல்லை.

காவல்துறைச் சான்றும் இப்படித்தான், நேரம் தின்னும். பழைய வழக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். கல்லூரி கவனிக்காமல் விட்டாலும் பட்டம் வாங்கிப் பதிவுக்குப் போகும் நாளில் கவுன்சில் அதே கேள்வியைக் கேட்கும். சில கவுன்சில்கள் முன்கூட்டியே கேட்டால் பதில் சொல்வார்கள். முதல் ஆண்டுக் கட்டணம் கட்டும் முன் எழுதிக் கேட்டுவிடுங்கள்.